இசைத்தட்டும் லேப்டாப்பும் சேர்ந்த டிஜே செட்: சேலத்தில் வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சேலத்தில் டிஜே செட் எடுக்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் லேப்டாப்பில் செருகி ஓட்டும் ஒரு கன்ட்ரோலரைக் காட்டுவார்கள். கல்யாண ரிசப்ஷனுக்கும் காலேஜ் விழாவுக்கும் அது தாராளமாகப் போதும். ஆனால் கைக்கு அடியில் நிஜமான தட்டு சுழல வேண்டும், வீட்டில் இருக்கும் பழைய இசைத்தட்டும் ஓட வேண்டும், லேப்டாப்பில் உள்ள பாட்டையும் அதே தட்டு வழியாகவே மிக்ஸ் பண்ண வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். டர்ன்டேபிள் விற்பவருக்கு சாஃப்ட்வேர் தெரியாது. மிக்சர் விற்பவர் ஊசியைப் பற்றி வாய் திறக்க மாட்டார். பெங்களூரில் ஒருவரிடம், சென்னையில் ஒருவரிடம், ஆன்லைனில் ஒருவரிடம் என்று துண்டு துண்டாக விசாரித்துத்தான் நான் என் செட்டைச் சேர்த்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

இந்த வேலையில் பணம் வீணாவது பெரும்பாலும் பொருத்தத்தில்தான். டர்ன்டேபிள் நல்லதாக இருக்கும், மிக்சர் நல்லதாக இருக்கும், லேப்டாப் புத்தம் புதிதாக இருக்கும். மூன்றையும் இணைத்தால் ஒன்றும் வேலை செய்யாது. அதனால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள், முக்கியமாக முதல் மூன்று படிகளை மாற்றாதீர்கள்.

1. சாஃப்ட்வேரை முதலில் முடிவு செய்யுங்கள்

நிஜத் தட்டால் லேப்டாப் பாட்டை ஓட்டும் இந்த முறைக்கு டிவிஎஸ் (டிஜிட்டல் வினைல் சிஸ்டம்) என்று பெயர். டர்ன்டேபிளில் ஒரு விசேஷத் தட்டு சுழலும். அதில் பாட்டு இருக்காது. ‘டைம்கோட்’ என்ற ஒரு கீச்சொலி மட்டும் பதிந்திருக்கும். ஊசி அதைப் படித்து மிக்சருக்கு அனுப்பும், மிக்சர் லேப்டாப்புக்கு அனுப்பும். தட்டு எந்த வேகத்தில், எந்தப் பக்கமாக, எந்த இடத்தில் ஓடுகிறது என்பதை சாஃப்ட்வேர் கணக்குப் போட்டு, உங்கள் எம்பி3 பாட்டை அதேபோல ஓட்டும். தட்டைக் கையால் நிறுத்தினால் பாட்டு நிற்கும், பின்னால் இழுத்தால் பின்னால் போகும்.

நடைமுறையில் தேர்வுக்கு நான்கு சாஃப்ட்வேர் இருக்கின்றன: செராட்டோ டிஜே ப்ரோ, ரெக்கார்டுபாக்ஸ், டிராக்டர் ப்ரோ, மிக்ஸ். நான்காவதான மிக்ஸ் (Mixxx) முழுக்க இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஸ்க்ராட்ச் (தட்டைக் கையால் முன்னும் பின்னும் தள்ளிச் சத்தம் எழுப்புவது) பண்ணும் ஆசை இருந்தால் செராட்டோவுக்குப் போங்கள். மிக்சர்களில் அதிகத் தேர்வு கிடைப்பது அதற்குத்தான். ஏற்கெனவே பயனியர் கன்ட்ரோலரில் வாசித்து, பாட்டுகளை ரெக்கார்டுபாக்ஸில் அடுக்கி வைத்திருந்தால் அதிலேயே தொடருங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. ஒரு சாஃப்ட்வேரின் டைம்கோட் தட்டு இன்னொன்றில் ஓடாது. செராட்டோ தட்டை ரெக்கார்டுபாக்ஸ் படிக்காது, டிராக்டர் தட்டை செராட்டோ படிக்காது. இலவச மிக்ஸ் மட்டும் செராட்டோ தட்டையும் டிராக்டரின் பழைய எம்கே1 தட்டையும் ஏற்றுக்கொள்ளும். “தட்டுதானே, எதுவாக இருந்தால் என்ன” என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள்.

2. மிக்சர்: பணத்தில் பெரும் பங்கு இங்கேதான்

எல்லோரும் டர்ன்டேபிளில் ஆரம்பிப்பார்கள், பார்க்க அழகாக இருப்பது அதுதான். நீங்கள் மிக்சரில் ஆரம்பியுங்கள். உங்கள் செட்டில் தட்டும் லேப்டாப்பும் சந்திக்கிற இடம் மிக்சர். அது சரியாக அமைந்தால் மற்றவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

மூன்று விஷயங்கள் கட்டாயம் வேண்டும். ஒன்று, பின்பக்கம் ‘ஃபோனோ’ என்று எழுதிய உள்ளீடு இரண்டு ஜோடி, அவற்றின் பக்கத்தில் எர்த் வயர் மாட்ட ஒரு திருகு. இரண்டு, மிக்சருக்கு உள்ளேயே சவுண்டு கார்டு; அதாவது யூஎஸ்பி வயர் ஒன்றை லேப்டாப்பில் செருகினால் போதும். மூன்று, நீங்கள் தேர்ந்தெடுத்த சாஃப்ட்வேரின் டிவிஎஸ் உரிமம்.

உரிமம் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பெட்டியில் ‘டிவிஎஸ் ரெடி’ என்று போட்டிருந்தால் அந்த மிக்சரில் டிவிஎஸ் வேலை செய்யும் என்று மட்டும்தான் பொருள். உரிமத்தைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கலாம். பயனியர் டிஜேஎம்-எஸ்5, டிஜேஎம்-எஸ்7, ரேன் செவன்டி போன்றவற்றைச் செருகினால் செராட்டோவும் அதன் டிவிஎஸ்ஸும் தானாகத் திறக்கும். கிளப்களில் இருக்கும் பெரிய மிக்சர் சிலவற்றுக்குச் செராட்டோ வேண்டுமென்றால் ‘கிளப் கிட்’ என்ற உரிமத்தைத் தனியாக வாங்க வேண்டும். டிஜேஎம்-450 ரெக்கார்டுபாக்ஸ் பக்கத்து ஆள். கடையில் “டிவிஎஸ் இருக்கா” என்று கேட்காதீர்கள், எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். “இந்த மிக்சரைச் செருகினால் டிவிஎஸ் காசில்லாமல் திறக்குமா, உரிமம் தனியா” என்று கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். பிறகு செராட்டோ தளத்தில் ஆதரிக்கப்படும் கருவிகளின் பட்டியலைத் திறந்து, மாடல் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 போன்ற ஆரம்பநிலை கன்ட்ரோலர் கையில் இருந்தால், அதிலேயே டர்ன்டேபிளை மாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. அதில் ஃபோனோ உள்ளீடே கிடையாது.

பட்ஜெட் இடிக்கிறது என்றால் இன்னொரு வழி: சாதாரண டிஜே மிக்சர், நான்கு உள்ளீடு நான்கு வெளியீடு உள்ள ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (வெளியே மாட்டும் சவுண்டு கார்டு), இரண்டு சின்ன ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசியின் மெல்லிய சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டி), இலவச மிக்ஸ் சாஃப்ட்வேர். வயர் அதிகம், பொறுமை அதிகம் வேண்டும், ஆனால் வீட்டில் கற்றுக்கொள்ள நன்றாகவே ஓடும். மேடைக்கு இதைக் கொண்டு போக நான் சொல்ல மாட்டேன். இருட்டில் ஒரு ஜாக் கழன்றால் எது எங்கே என்று தேட முடியாது.

3. டர்ன்டேபிள்

டைரக்ட் டிரைவ் (மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றுவது) மட்டும் வாங்குங்கள். பெல்ட் டிரைவ் வீட்டில் உட்கார்ந்து கேட்க அருமையானது. ஆனால் அதில் தட்டைக் கையால் பிடித்து விட்டால் வேகம் பிடிக்க நேரமாகும், பெல்ட்டும் தேயும்.

மோட்டாரின் இழுவை சக்தியை டார்க் என்பார்கள். ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி120எக்ஸ் யூஎஸ்பியில் அது 1.0 கிலோ-செ.மீ., டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே7-இல் 1.8, பயனியர் பிஎல்எக்ஸ்-1000-இல் 4.5. ரீலூப் ஆர்பி-7000 எம்கே2-இல் 2.8 முதல் 4.5 வரை நாமே கூட்டிக் குறைக்கலாம். எண் பெரிதாக இருப்பதாலேயே உயர்ந்தது என்று ஆகாது. மெதுவாக மிக்ஸ் பண்ணுகிறவருக்கு 1.8 மிகப் போதும், டெக்னிக்ஸில் உலகமே வாசித்திருக்கிறது. விரலுக்கு அடியில் தட்டு திமிற வேண்டும் என்று நினைக்கிற ஸ்க்ராட்ச் ஆளுக்கு 4.5 பிடிக்கும். 1.0 என்பது கற்றுக்கொள்ள மட்டும். வேகமாக ஸ்க்ராட்ச் பண்ணினால் பின்தங்கும்.

விலை அடிக்கடி மாறுகிறது, ஒரு அளவுகோலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஏடி-எல்பி120 ரகம் சுமார் 35 முதல் 40 ஆயிரம் ரூபாய், டெக்னிக்ஸ் எம்கே7 ஒன்றே ஒரு லட்சத்தைத் தாண்டும். இரண்டு டர்ன்டேபிள், மிக்சர், தட்டு, ஊசி எல்லாம் சேர்த்துக் கீழ்நிலை செட்டே ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது. டெக்னிக்ஸ் ஜோடியும் டிஜேஎம்-எஸ்7 ரக மிக்சரும் என்றால் நான்கு லட்சத்துக்கு மேல் போகும்.

ஒரு யோசனை: ஒரே ஒரு டர்ன்டேபிளோடு தொடங்குங்கள். செராட்டோவில் இரண்டாவது டெக்கை ‘இன்ட்’ முறையில் போட்டு லேப்டாப்பிலிருந்தே ஓட்டலாம். மட்டமான இரண்டை வாங்குவதைவிட நல்ல ஒன்றை வாங்கிவிட்டு, அடுத்த சீசன் பணத்தில் இரண்டாவதை எடுப்பது மேல்.

இரண்டு பொறிகளைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, டர்ன்டேபிளின் பின்னால் உள்ள யூஎஸ்பி. ஏடி-எல்பி120எக்ஸ் யூஎஸ்பி, பிஎல்எக்ஸ்-500 இரண்டிலும் அது இருக்கிறது. பழைய இசைத்தட்டை லேப்டாப்பில் பதிவு செய்துகொள்ளத்தான் அது. டிவிஎஸ்ஸுக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று எண்ணி மிக்சரில் சிக்கனம் பிடிக்காதீர்கள். இரண்டாவது, அதே மாடல்களில் உள்ள ஃபோனோ/லைன் சுவிட்ச். ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. மிக்சரின் ஃபோனோ உள்ளீடு அதைப் பெரிதாக்கும். சுவிட்ச் ‘லைன்’ பக்கம் இருந்தால் டர்ன்டேபிளே ஒருமுறை பெரிதாக்கி அனுப்பும், மிக்சர் இன்னொருமுறை பெரிதாக்கும். பாட்டு கரகரக்கும், டைம்கோட்டை சாஃப்ட்வேரால் படிக்கவே முடியாது. மிக்சரில் ஃபோனோ என்றால் இங்கேயும் ஃபோனோ.

4. ஊசியும் தட்டும்

காட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் தலை), ஊசி, ஸ்லிப்மேட் (இசைத்தட்டுக்கு அடியில் போடும் வழுக்கு விரிப்பு), டைம்கோட் தட்டு. பட்ஜெட்டில் இவற்றை மறந்துவிடுவார்கள். டெக்னிக்ஸ் எம்கே7, பயனியர் பிஎல்எக்ஸ்-1000 இரண்டும் காட்ரிட்ஜ் இல்லாமல்தான் வரும். ஆர்டோஃபோன் கான்கார்ட் ரகக் காட்ரிட்ஜை டர்ன்டேபிள் கையின் (டோன்ஆர்ம்) முனையில் நேராகச் செருகித் திருகினால் போதும். அதில் மிக்ஸ் எம்கே2-க்கு 3 கிராம், ஸ்க்ராட்ச் எம்கே2-க்கு 4 கிராம் அழுத்தம் கம்பெனியே பரிந்துரைப்பது. ஷ்யூர் எம்44-7 வாங்கு என்று பழைய வீடியோக்களில் சொல்வார்கள். ஷ்யூர் கம்பெனி 2018-லேயே காட்ரிட்ஜ் செய்வதை நிறுத்திவிட்டது. இன்று அந்தப் பெயரில் மலிவாகக் கிடைக்கும் ஊசிகளை நம்பி வாங்காதீர்கள்.

ஊசி தேயும் பொருள். சேலத்தில் சனிக்கிழமை சாயங்காலம் ஊசி உடைந்தால் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு வேறு கிடைக்காது. உபரியாக ஒன்றாவது எப்போதும் பையில் இருக்கட்டும்.

வீட்டுப் பரணில் இருக்கும் தட்டுகள் பற்றி ஒரு வார்த்தை. செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளில் இன்னும் கட்டுக் கட்டாக வைத்திருக்கிறார்கள். கனமாக, வளையாமல், கீழே விழுந்தால் ஓடு போல உடைகிற தட்டு 78 வேகத்தில் ஓடும் ஷெல்லாக் தட்டு. அதன் பள்ளம் அகலம். அதற்கு ஏறக்குறைய 75 மைக்ரான் ஊசி வேண்டும். நம் டிஜே ஊசி 18 மைக்ரான் அளவில்தான் இருக்கும். மாற்றிப் போட்டால் தட்டும் கெடும், ஊசியும் கெடும். லேசாக வளைகிற 33, 45 வேக வினைல் தட்டுகளைத் தாராளமாக ஓட்டலாம். ஈர மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள்.

5. பழைய செட் வாங்கினால்

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 பழையதாகக் கிடைத்தால் பயப்படாமல் பாருங்கள், நன்றாகச் செய்யப்பட்ட இயந்திரம். நேரில் போகாமல் பணம் அனுப்பாதீர்கள். போனதும் பார்க்க வேண்டியவை:

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஸ்லைடரை நடுவில் வைத்து, டர்ன்டேபிளின் சுழலும் உலோகத் தட்டின் ஓரப் புள்ளிகளைச் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பெரிய வரிசைப் புள்ளிகள் அசையாமல் நிற்க வேண்டும். மெதுவாக நகர்ந்தால் பிட்ச் சரிசெய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

டர்ன்டேபிள் கையை சமநிலைக்குக் கொண்டு வந்து மிதக்க விட்டு, லேசாக ஊதுங்கள். வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். எங்கேயாவது தயங்கி நின்றால், அல்லது இரு விரலில் பிடித்து ஆட்டும்போது ‘டக்’ என்று ஆட்டம் தெரிந்தால், பேரிங் போயிருக்கிறது. அந்த ரிப்பேர் விலையைக் கழித்துக்கொண்டுதான் பேசுங்கள்.

அடுத்து வோல்டேஜ். அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட், ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் புகை வரும். அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்துப் பாருங்கள். தேவையென்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் கணக்கில் சேருங்கள். மிக்சருக்குச் சத்தம் கொண்டு போகும் ஆர்சிஏ வயர் விட்டுப்போயிருந்தால் கவலை வேண்டாம், சாலிடரிங் தெரிந்த உள்ளூர் ரேடியோ மெக்கானிக் மாற்றித் தந்துவிடுவார்.

பழைய மிக்சரிலும் பழைய டிவிஎஸ் பெட்டியிலும் (தனியாக மாட்டும் டிவிஎஸ் சவுண்டு கார்டு) மட்டும் ரொம்ப எச்சரிக்கை. இன்றைய விண்டோஸ், மேக் பதிப்புகளில் அவற்றுக்கு டிரைவர் இல்லாமல் போயிருக்கலாம். உங்கள் லேப்டாப்பையே எடுத்துக்கொண்டு போய், அங்கேயே செருகி, டைம்கோட் தட்டை ஓட்டிப் பார்த்த பிறகுதான் பணம்.

6. பில், வாரண்டி, கடன்

நான் ஓர் ஊரில் வாங்கப் போன கடையில் “எஸ்டிமேட் போதும், ஜிஎஸ்டி மிச்சம்” என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். இந்தப் பொருள்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், மிச்சம் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் சீரியல் எண் எழுதிய பில் இல்லாவிட்டால் வாரண்டி இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, திருடு போனால் போலீஸில் காட்ட ஒன்றும் இல்லை. பில்லில் மாடல் பெயர், சீரியல் எண், கடையின் ஜிஎஸ்டி எண் மூன்றும் இருக்கிறதா என்று கவுன்டரிலேயே பாருங்கள். இந்திய விநியோகஸ்தரின் வாரண்டியா, கடையின் சொந்த வாரண்டியா என்பதையும் எழுதி வாங்குங்கள். பெங்களூரிலிருந்து பார்சல் லாரியில் அனுப்பச் சொன்னால், மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்பதால் இ-வே பில் போடச் சொல்லுங்கள். பெட்டி வந்ததும் திறப்பதை முழுக்க வீடியோ எடுங்கள். கை வளைந்திருந்தால் அந்த வீடியோதான் சாட்சி.

வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரவழைத்தால் அடையாள ஆவணம் கேட்பார்கள், சுங்க வரியும் சேரும். அங்கத்திய விலையைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். வரி, கூரியர், வோல்டேஜ் மூன்றையும் கூட்டினால் பல நேரம் இங்கே வாங்குவதே லாபம். ஊசி போன்ற சின்னப் பொருளை வருகிற உறவினரிடம் சொல்லி விடுவது வேறு விஷயம்.

தொழிலாகச் செய்யப் போகிறீர்கள் என்றால் முத்ரா கடன் பாருங்கள். சிஷு பிரிவில் 50,000 வரை, கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை, சொத்து ஈடு இல்லாமல். கையில் இருக்க வேண்டியவை: ஆதார், பான், வங்கிக் கணக்கு அறிக்கை, உத்யம் பதிவுச் சான்று (ஆன்லைனில் இலவசம், இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள்), கடையின் கொட்டேஷன். கொட்டேஷன் விஷயத்தில்தான் வங்கியில் இழுபறி வரும். டர்ன்டேபிள், மிக்சர், ஊசி, தட்டு, ஃப்ளைட் கேஸ் எல்லாம் ஒரே கடையின் ஒரே கொட்டேஷனில் இருந்தால் மேனேஜருக்குப் புரியும். நான்கு கடையின் நான்கு தாளைக் கொடுத்தால் திரும்பத் திரும்ப வரச் சொல்வார்கள். ‘டிவிஎஸ்’ என்றெல்லாம் எழுதாமல் ‘இசை நிகழ்ச்சிக்கான ஒலிக் கருவிகள்’ என்று தலைப்புப் போடச் சொல்லுங்கள்.

7. எப்போது வாங்குவது

ஆடியில். முகூர்த்தம் இல்லாததால் நிகழ்ச்சிகள் குறையும், தள்ளுபடி விற்பனையும் அப்போதுதான். ஆனால் வாங்கிய கையோடு ஆவணி முகூர்த்தத்துக்கு மேடை ஏறிவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். பொருள் எல்லாம் ஒரே நாளில் வராது, மிக்சர் ஸ்டாக் இல்லையென்றால் வாரக்கணக்கில் இழுக்கும். வந்த பிறகு விரல் பழக மாதங்கள் வேண்டும். ஆடியில் வாங்கி, மார்கழி வரை வீட்டில் பழகி, தை முகூர்த்தத்தில் தட்டோடு இறங்குவது சரியான கணக்கு. இடையில் வரும் நிகழ்ச்சிகளை இருக்கிற கன்ட்ரோலரிலேயே செய்யுங்கள். கடனுக்குப் போகிறவர்கள் வங்கி வேலையை ஆனியிலேயே தொடங்கிவிடுங்கள்.

8. வீட்டில் பூட்டுவது

கையை சமன் செய்வதை ஒரு முறை நிதானமாகச் செய்து பார்த்தால் பிறகு மறக்காது. கை உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் ஆன்டி-ஸ்கேட் சக்கரத்தைச் சுழியில் வையுங்கள். ஊசி மூடியைக் கழற்றுங்கள். பின்பக்கக் கனத்தைத் திருகித் திருகி, கை மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் தட்டுக்கு இணையாக மிதக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த நிலையில் கனத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதன் முன்னால் உள்ள எண் வளையத்தை மட்டும் சுழிக்குத் திருப்புங்கள். இப்போது கனத்தையும் வளையத்தையும் சேர்த்துத் திருகி 3-க்குக் கொண்டு வந்தால் ஊசியில் 3 கிராம். வளையத்தை மட்டும் 3-க்குத் திருப்பிவிட்டு, கனத்தை அப்படியே விட்டுவிட்டால் ஊசி தட்டில் நிற்கவே நிற்காது.

எர்த் வயரை மறக்காதீர்கள். ஆர்சிஏவோடு வரும் அந்த மெல்லிய வயர் மிக்சர் திருகில் இறுக வேண்டும். இல்லையென்றால் ‘ம்ம்ம்’ என்ற ஹம் பாட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், டைம்கோட்டும் தடுமாறும். திருகிய பிறகும் ஹம் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் கோளாறு சார்ஜர் பக்கம். வீட்டுப் பிளக்கின் எர்த்தையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். மூன்றாவது காலை ஒடித்துவிட்டு ஓட்டுவது உயிருக்கு ஆபத்து.

பிறகு செராட்டோவில் டைம்கோட்டைப் படமாகக் காட்டும் ஸ்கோப் பக்கம். தட்டு ஓடும்போது பச்சை வளையம் வட்டமாக இருக்க வேண்டும். முட்டை போலச் சாய்ந்தால் ஒரு பக்கச் சத்தம் குறைகிறது: ஊசி முனை அழுக்கு, அல்லது கையின் முனையில் உள்ள நான்கு சின்னத் தொடுபுள்ளிகள் மங்கிப் போயிருக்கும். காய்ந்த துணியால் அவற்றைத் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். லேப்டாப்பை ஹப் வழியாக இணைக்காதீர்கள், நேராகச் செருகுங்கள். பாட்டு பட்பட் என்று வெட்டினால் சாஃப்ட்வேர் அமைப்பில் உள்ள பஃபர் அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். நிகழ்ச்சி சீசனில் விண்டோஸ், மேக் அப்டேட் எதையும் தொடாதீர்கள்.

9. மண்டபத்திலும் மலையிலும்

வீட்டில் அழகாக ஓடிய செட் மண்டபத்தில் தகராறு பண்ணும். காரணம் அதிர்வு. நம் மண்டப மேடைகள் பலகை போட்டவை, பக்கத்திலேயே பேஸ் பாக்ஸ். ஒவ்வொரு அடிக்கும் பலகை நடுங்கும், ஊசி குதிக்கும், நிஜத் தட்டு போட்டால் ஊளைச் சத்தமும் கிளம்பும். சேலத்தில் பல வருஷமாக சவுண்டு சர்வீஸ் நடத்தும் ஓர் அண்ணன் எனக்குச் சொன்னது: “தம்பி, பாக்ஸை நகத்தச் சொல்லி என்கிட்ட சண்டை போடாத. உன் டேபிளை மேடையை விட்டு எறக்கிப் போடு.” அதுவே சரியான வழி. தரையில், சிமென்ட் தளத்தில் டேபிள் போடுங்கள். அதன் மேல் தடித்த ரப்பர் துண்டுகள், அதன் மேல் கடப்பா கல் பலகை, அதன் மேல் டர்ன்டேபிள். மார்பிள் கடையில் வெட்டி மிஞ்சிய கல் துண்டு சொற்ப விலைக்குக் கிடைக்கும், ஓரத்தை மட்டும் தேய்த்து வாங்குங்கள். இந்தக் கல்லும் ரப்பரும் செய்கிற வேலையைப் பெரிய விலை ஸ்டாண்டுகள்கூடச் செய்வதில்லை.

சாஃப்ட்வேரிலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ‘அப்சல்யூட்’ முறையில் ஊசி குதித்தால் பாட்டும் குதிக்கும். ‘ரிலேட்டிவ்’ முறைக்கு மாற்றிவிட்டால் ஊசி எங்கே விழுந்தாலும் பாட்டு தன் இடத்திலிருந்தே தொடரும். மேடையில் எப்போதும் ரிலேட்டிவ். ஊசியே வேண்டாம் என்றால் ‘ஃபேஸ்’ என்ற கம்பியில்லா சென்சார் வருகிறது. தட்டின் மேல் வைத்தால் போதும். விலை அதிகம், சார்ஜ் பார்த்துக்கொள்ள வேண்டும், நிஜ இசைத்தட்டுக்கு உதவாது. திறந்தவெளி நிகழ்ச்சிகள் அதிகம் உள்ளவருக்கு நல்ல முதலீடு.

ஏற்காட்டுக்குக் கொண்டு போவது தனி வேலை. 20 கொண்டை ஊசி வளைவு, மேலே 1,500 மீட்டர் உயரக் குளிர், பனிமூட்டம். புறப்படும் முன் காட்ரிட்ஜைக் கழற்றி டப்பியில் வையுங்கள், பின்கனத்தைக் கழற்றுங்கள், கையை அதன் கிளிப்பில் பூட்டி ஒரு பேப்பர் டேப் ஒட்டுங்கள், சுழலும் தட்டைத் தூக்கித் தனியாகத் துணியில் சுற்றுங்கள். பிஎல்எக்ஸ்-1000 ஒன்று 13 கிலோ; ஃப்ளைட் கேஸோடு இரண்டை ஒரே ஆள் தூக்க முடியாது, கூட ஒருவர் வேண்டும். பைக்கில் கட்டிக்கொண்டு போகும் எண்ணமே வேண்டாம்.

மேலே போனதும் கேஸைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருங்கள். குளிரில் வந்த இரும்பு, ஆள் நிறைந்த சூடான ஹாலுக்குள் வந்ததும் வியர்க்கும். அந்த ஈரத்தோடு சுவிட்ச் போடக் கூடாது. அரை மணி நேரமாவது விட்டு, துடைத்துவிட்டு இணைக்கலாம். தோட்டத்தின் நடுவே உள்ள ரிசார்ட்டுகளில் கரன்ட் போய்ப் போய் வரும். ஜெனரேட்டர் மாறும் நொடியில் மிக்சர் அணைந்து எழும், சாஃப்ட்வேர் அதைத் தேடிக்கொண்டு நிற்கும். மிக்சருக்கும் டர்ன்டேபிளுக்கும் ஒரு கம்ப்யூட்டர் யூபிஎஸ் போதும், அதைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். தட்டுகளை மலையில் இரவு தங்க வைத்தால் உறைக்குள் பூஞ்சை பிடிக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்.

10. அனுமதி

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவித்திருக்கலாம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. ஏற்காட்டில் பள்ளத்தாக்கு எதிரொலிக்கும், ரிசார்ட்டில் போடும் பேஸ் எதிர் மலை ஊருக்குக் கேட்கும். புத்தாண்டு இரவுக்கு ரிசார்ட்காரர் கூப்பிட்டால் காவல் நிலைய அனுமதிக் கடிதத்தின் நகலை முன்பே கேட்டு வாங்குங்கள். டிக்கெட் போட்டு நடத்தும் நிகழ்ச்சிக்கு பிபிஎல், ஐபிஆர்எஸ் (பாட்டுகளுக்கு உரிமம் தரும் அமைப்புகள்) இசை உரிமம் தேவை. அதை நடத்துபவர் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். திருமணத்துக்கும் அது சார்ந்த சடங்குகளுக்கும் பதிப்புரிமைச் சட்டப் பிரிவு 52(1)(இசட்ஏ) விலக்குத் தருகிறது. மண்டபத்தில் யாராவது உரிமக் கட்டணம் கேட்டு வந்தால் 2023 ஜூலையில் மத்திய அரசு இதைத் தெளிவுபடுத்தி வெளியிட்ட அறிவிப்பின் நகலைக் காட்டலாம். பில் நகல், சீரியல் எண் பட்டியல், அனுமதிக் கடிதம், இந்த அறிவிப்பு நான்கையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மிக்சர் கேஸின் மூடிப் பையிலேயே நிரந்தரமாக வைத்துவிடுங்கள்; இரவு செக்போஸ்டில் கேஸைத் திறக்கச் சொன்னாலும் அதே உறைதான் கைகொடுக்கும்.